விந்தணு எண்ணிக்கையில் நேரும் பிழைகள்

குழந்தைப் பேறு வாய்க்கவில்லையே என்ற விசாரத்தோடு வைத்தியரை நாடிவரும் தம்பதிகளில், கணவனுக்கு முதன்முதலாக எழுதிக் கொடுக்கப்படும் பரிசோதனை விந்துப் பரிசோதனையே ஆகும். அந்த ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வைத்தியரும் நோயாளியும் மற்றவற்றையெல்லாம் விட்டுவிட்டு முதலில் தேடுவது, ஒரு மில்லிக்கு இத்தனை மில்லியன் விந்தணுக்கள் என்று எழுதப்பட்டிருக்கும் அந்த ஓர் இலக்கத்தைத்தான். அதைக் கொண்டே ஒரு குடும்பம் ஆறுதல் அடைகிறது அல்லது கலங்குகிறது. மாதக்கணக்கான மருந்துகள் தொடங்கப்படுகின்றன. பெருஞ்செலவு பிடிக்கும் சிகிச்சைகள் நிச்சயிக்கப்படுகின்றன. ஆகையால் அந்த இலக்கம் எந்த அளவுக்கு நம்பத்தக்கது, எந்தெந்த இடங்களில் அது கெட்டுப்போகக்கூடும் என்பதை அறிந்து வைத்திருப்பது, அதன் கீழே கையொப்பமிடுகிற டெக்னீஷியனுடைய முதற்கடமை என்றே நான் கருதுகிறேன்.

பிழைகள் இருவகைப்படும். தற்செயலால் வருவது ஒன்று. கையாலும் கருவியாலும் வருவது மற்றொன்று. முன்னது, எவ்வளவு கைதேர்ந்தவர் எவ்வளவு சிரத்தையோடு செய்தாலும் அடியோடு நீங்காதது. ஆனால் அதன் அளவைக் கணிதத்தால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம், அதிகமான அணுக்களை எண்ணுவதனால் அதைக் குறைத்துக்கொள்ளலாம். பின்னதோ எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்கிற பிழை. நூறு அணுக்களுக்குப் பதிலாக ஆயிரம் அணுக்களை எண்ணினாலும் அது இம்மியும் குறையாது. பரிசோதனைச் சாலைகளில் பெரும்பாலோர் முன்னதைச் சட்டை செய்வதே இல்லை. அதைச் சட்டை செய்கிறவர்களிலும் பலர், அதைச் சரிபார்த்துவிட்டால் பின்னதும் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். ஒன்று சரியானால் மற்றதும் சரியாகிவிடாது என்பதே இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்த விரும்பும் விஷயம்.

தற்செயல் பிழையின் இலக்கணத்தை எண்ணும் சேம்பரை வைத்துத் தெளிவாக்கிக் காட்டியவர்களில் ஒருவர் வைத்தியர் அல்லர். டப்ளின் நகரத்துக் கின்னஸ் மதுவடிசாலையில் வேலை பார்த்த வில்லியம் ஸீலி காஸெட் என்பவர், 1907-இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் ‘பயோமெட்ரிகா’ என்னும் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில், ஈஸ்ட் அணுக்களை ஹீமோசைட்டோமீட்டர் என்னும் எண்ணும் சேம்பரின் 400 சிறு கட்டங்களில் எண்ணி, நன்றாகக் கலக்கப்பட்ட திரவத்தில்கூடக் கட்டத்துக்குக் கட்டம் எண்ணிக்கை மாறுவது இயற்கையே என்றும், அந்த மாறுபாடு ஃபிரெஞ்சுக் கணித அறிஞர் புவாஸோனின் பெயரால் வழங்கும் விதிக்கு அடங்கியே நடக்கிறது என்றும் காட்டினார். அந்த விதி நமக்குச் சொல்லுவது மிகவும் எளிது. எத்தனை அணுக்களை எண்ணினோமோ அத்தொகையின் வர்க்கமூலமே அந்த எண்ணிக்கையின் தற்செயல் பிழை. 400 அணுக்களை எண்ணினால் பிழை 20, அதாவது நூற்றுக்கு 5. 100 எண்ணினால் 10, அதாவது நூற்றுக்கு 10. 25 மட்டும் எண்ணி நிறுத்திவிட்டால் நூற்றுக்கு 20. பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் நான்கு மடங்கு எண்ண வேண்டும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. மேலும், நூற்றுக்கு 95 தடவை உண்மை எந்த எல்லைக்குள் இருக்கும் என்று கேட்டால், மேற்சொன்ன பிழையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, பல இடங்களில் இன்றும் வழக்கத்திலிருக்கும் ஒரு முறையைப் பார்ப்போம். திருத்திய நியூபாவர் சேம்பரின் நடுவில் ஒரு மில்லிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டர் அகலமும் உள்ள பெருங்கட்டம் ஒன்று இருக்கிறது. அது 25 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சேம்பரின் ஆழம் 0.1 மில்லிமீட்டர். விந்துவை 1:20 டைலூஷன் செய்து சேம்பரில் ஏற்றி, நான்கு மூலைகளிலும் நடுவிலும் உள்ள ஐந்து கட்டங்களை மட்டும் எண்ணினால், எண்ணிய தொகையே ஒரு மில்லிக்கு எத்தனை மில்லியன் என்ற விடையாக அமைந்துவிடுகிறது. பெருக்கவும் வேண்டாம், வகுக்கவும் வேண்டாம். இந்தச் சௌகரியம்தான் இம்முறையைச் சாகாவரம் பெறச் செய்திருக்கிறது. ஆனால் மில்லிக்கு 15 மில்லியன் உள்ள ஒரு மாதிரியை இம்முறையில் பார்த்தால் டெக்னீஷியன் கண்ணால் காண்பது பதினைந்தே பதினைந்து விந்தணுக்கள். பதினைந்தின் வர்க்கமூலம் நாலுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அதே மாதிரியில் இன்று 8 என்றும், நாளை 22 என்றும் விடை வந்தால் அதில் யாருடைய குற்றமும் இல்லை. உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் கையேடு, 2010-ஆம் வருஷத்துப் பதிப்பில் 15 மில்லியன் என்றும், 2021-ஆம் வருஷத்துப் பதிப்பில் 16 மில்லியன் என்றும் குறித்திருக்கும் கீழ் எல்லை மிகச் சரியாக இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. ஒரே மனிதன், ஒரே மாதிரி. ஒரு நாள் குறைபாடுள்ளவன் ஆகிறான், மறுநாள் குறைபாடற்றவன் ஆகிறான்! (அந்த எல்லைகூட, மனைவி ஒரு வருஷத்துக்குள் கருவுற்ற ஆண்களில் மிகக் குறைந்த எண்ணிக்கை உடைய நூற்றுக்கு ஐவரைப் பிரிக்கும் கோடேயன்றி, தகப்பனாகக் கூடியவனையும் கூடாதவனையும் பிரிக்கும் கோடு அன்று என்பதை வைத்தியர்களே சில சமயம் மறந்துவிடுகிறார்கள்.)

இதற்குப் பரிகாரம், டைலூஷனை வழக்கம் என்ற பெயரால் நிலையாக வைத்துக்கொள்ளாமல், மாதிரிக்குத் தக்கபடி தேர்ந்துகொள்வதே. டைலூஷன் செய்வதற்கு முன்பு ஒரு துளியை ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அணுக்கள் நெருக்கமாக இருந்தால் 1:20, நடுத்தரமாக இருந்தால் 1:5, அரிதாக இருந்தால் 1:2 என்று நிச்சயித்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன 15 மில்லியன் மாதிரியையே 1:5 டைலூஷன் செய்து, நடுவிலுள்ள பெருங்கட்டம் முழுவதையும் எண்ணினால் ஏறத்தாழ 300 அணுக்கள் கிடைக்கும். சேம்பரின் இரண்டு பக்கங்களில் ஒவ்வொன்றிலும் 200-க்குக் குறையாமல் எண்ண வேண்டும் என்ற விதியை அப்போது அநாயாசமாக நிறைவேற்றிவிடலாம்.

இனி, கையாலும் கருவியாலும் வரும் பிழைகள்.

இவை சேம்பருக்கு வெகு முன்னதாகவே தொடங்கிவிடுகின்றன. விந்து வெளிப்படும்போது முதற்பகுதியிலேதான் விந்தணுக்கள் மிகுதியாக இருக்கின்றன. கூச்சத்தினாலும் பதற்றத்தினாலும் அந்த முதற்பகுதி சிந்திப்போனால், எஞ்சியதை எவ்வளவு நுட்பமாக எண்ணியும் பயனில்லை. ஆகவே மாதிரி முழுவதும் பாத்திரத்தில் சேர்ந்ததா என்று நோயாளியை நயமாக விசாரித்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். விந்து இளகி நீர்ப்பதமாவதற்கு 30 நிமிஷம் வரையிலும், சிலருக்கு 60 நிமிஷம் வரையிலும் ஆகும்; அதற்கு முன் எடுக்கும் எந்தத் துளியும் முழு மாதிரியின் பிரதிநிதி ஆகாது. இளகிய பின்னும் பாத்திரத்தை நன்றாகச் சுழற்றிக் கலக்கிய உடனேயே பிப்பெட்டில் எடுக்க வேண்டும். கலக்கி வைத்துவிட்டு டெலிபோனுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்து எடுப்பது கலக்காமல் எடுப்பதற்குச் சமானமே. மொத்த அளவை, அளவுக் குழாயில் ஊற்றிப் பார்ப்பதைவிட, முன்னரே எடை போட்ட பாத்திரத்தோடு எடை போட்டு அறிவதே மேல். ஊற்றினால் பாத்திரத்தின் சுவரிலும் குழாயின் சுவரிலும் ஒட்டிக்கொண்டு 0.3 மில்லி முதல் 0.9 மில்லி வரை நஷ்டமாகிவிடும். மொத்தம் 2 மில்லிதான் வந்த ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிப்பெட் விஷயத்தில் சற்று நின்று கவனிக்க வேண்டும்; ஏனென்றால் என்னுடைய அபிப்பிராயத்தில், மற்ற எல்லாப் படிகளிலும் நேரும் பிழைகளைக் காட்டிலும் இந்த ஒரு படியில் நேரும் பிழையே பெரிது. விந்து தண்ணீரைப் போன்றது அன்று. சாதாரணப் பிப்பெட்டில் திரவத்துக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஒரு காற்றுத் தம்பம் இருக்கிறது. பிசுபிசுப்பான திரவத்தை உறிஞ்சும்போது அந்தக் காற்று விரிந்துகொடுப்பதால் திரவம் குறைவாகவே ஏறுகிறது. வெளியே தள்ளும்போதும் ஒரு மெல்லிய படலம் டிப்பின் உட்சுவரில் தங்கிவிடுகிறது. 50 மைக்ரோலிட்டர் எடுக்க வேண்டிய இடத்தில் 5 மைக்ரோலிட்டர் இவ்வாறு குறைந்தால் விடை நூற்றுக்கு 10 பங்கு குறையும். இந்தக் குறைவு நாள்தோறும், நோயாளிதோறும், ஒரே திசையில் நேரும். பிஸ்டனே திரவத்தைத் தொட்டுத் தள்ளும் வகையைச் சேர்ந்த, ‘பாஸிட்டிவ் டிஸ்ப்ளேஸ்மெண்ட்’ பிப்பெட்டை இந்தக் காரணத்தினாலேயே வாங்க வேண்டும். விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் இப்பரிசோதனையில் செலவிடத் தக்க இடம் வேறு இல்லை. அதை வைத்துக்கொண்டும் அவசரப்படலாகாது. டிப்பை விந்துவுக்குள் ஆழமாக முக்காமல், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வைத்து, மெதுவாக இழுத்து, ஓரிரு விநாடி நிறுத்தி, காற்றுக்குமிழி ஏறியிருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் வழவழப்பை டிஷ்யூத் தாளால் மேலிருந்து கீழாக, நுனித் துவாரத்தைத் தொடாமல் துடைத்து, அதன் பிறகுதான் டைலூஷன் திரவத்துக்குள் விட வேண்டும். வெளியே ஒட்டியிருப்பதைத் துடைக்காவிட்டால் விடை கூடும். துவாரத்தைத் தொட்டுத் துடைத்தால் தாள் உறிஞ்சிக்கொண்டு விடை குறையும். பழைய நாளில் வெள்ளணுக்களை எண்ணுவதற்காக ஏற்பட்ட, ரப்பர் குழாய் மாட்டி வாயால் உறிஞ்சும் குமிழ்ப் பிப்பெட்டுகளை இன்னும் விந்துக்குப் பயன்படுத்துகிற இடங்கள் உண்டானால், அவற்றை இன்றே ஒதுக்கி வைப்பது நலம். அவற்றின் நுட்பமும் போதாது, வாயால் உறிஞ்சுவது அபாயமும் கூட.

டைலூஷன் திரவம் ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 50 கிராம் சோடியம் பைகார்பனேட்டும், 10 மில்லி ஃபார்மலினும் கரைத்துச் செய்யப்படுவது. ஃபார்மலின் விந்தணுக்களின் ஓட்டத்தை நிறுத்துகிறது. வெறும் ஸலைனில் கலந்தால் அணுக்கள் கட்டம் விட்டுக் கட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிறவற்றை எண்ணியவர் எவரும் இருமுறை ஒரே விடை கண்டதில்லை.

சேம்பரில் எல்லாம் ஆழத்தைப் பொறுத்தது. ஆழம் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துத்தான் கணக்கு செய்கிறோம். கவர் கண்ணாடி அதற்குமேல் நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர், அதாவது 10 மைக்ரான் மட்டும், தூக்கிக்கொண்டு நின்றாலும் விடை நூற்றுக்கு 10 பங்கு கூடிவிடும். எனவே ஸ்லைடுகளுக்கு உபயோகிக்கும் மெல்லிய கவர் ஸ்லிப்பை இதன்மேல் போடவே கூடாது. திரவத்தின் இழுவிசையால் அது வளைந்துவிடும். சேம்பரோடு வரும் கனத்த கண்ணாடியையே போட்டு, இரு தூண்களின் மேலும் மெல்ல அழுத்த வேண்டும். சரியாகப் பொருந்தியதற்கு ஓர் அடையாளம் உண்டு: இரண்டு கண்ணாடிகளும் தொடும் இடத்தில் சேம்பரைச் சாய்த்துப் பார்த்தால் வானவில்லின் வர்ணங்கள் கோடுகோடாகத் தெரியும். இவற்றை நியூட்டன் வளையங்கள் என்பார்கள். வர்ணம் தெரியவில்லையானால் இடையில் ஒரு தூசியோ எண்ணெய்ப் பசையோ இருக்கிறது என்று பொருள். துடைத்துவிட்டு மறுபடியும் போட வேண்டும். நிரப்பும்போது திரவம் விளிம்பைத் தாண்டி ஓடினாலும், மூலையில் குமிழி நின்றாலும், கண்ணாடி நகர்ந்தாலும் அந்த நிரப்பலைத் திருத்த முயலாமல் கழுவிவிட்டுப் புதிதாக நிரப்புவதே முறை. பின்னர் ஈரத்தாள் விரித்த மூடிய பெட்ரித் தட்டில் பத்து நிமிஷம் வைத்தால் அணுக்கள் அடியில் படிந்து ஒரே தளத்தில் கண்ணுக்குத் தெரியும். காத்திருக்காமல் எண்ணுகிறவர் மேல் தளத்தில் மிதப்பவற்றை விட்டுவிடுவார். ஈரம் இல்லாமல் காத்திருக்கிறவர் ஓரங்கள் உலர்ந்து அணுக்கள் ஒதுங்கியதை எண்ணுவார்.

எண்ணும்போது தலையும் வாலும் உள்ள முழு விந்தணுவை மட்டுமே கணக்கில் சேர்க்க வேண்டும். தனித் தலைகள் மிகுந்திருந்தால் அவற்றை வேறாக எண்ணிக் குறிப்பிடலாம். தலையற்ற வால்களும் அப்படியே. கோட்டின் மேல் கிடப்பவற்றில், கீழ்க்கோட்டிலும் இடக்கோட்டிலும் தலை இருப்பவற்றைச் சேர்த்து, மேற்கோட்டிலும் வலக்கோட்டிலும் இருப்பவற்றை விட்டுவிட வேண்டும். எந்த இரண்டு கோடுகள் என்பது முக்கியமன்று; ஒரு நிலையத்தில் எல்லோரும் ஒரே இரண்டைக் கொள்வதுதான் முக்கியம்.

இப்போது ஓர் உதாரணம். ஒரு மாதிரியிலிருந்து 1:20 டைலூஷன் இரண்டு தனித்தனியாகச் செய்யப்பட்டு, ஒன்று சேம்பரின் ஒரு பக்கத்திலும் மற்றது மறுபக்கத்திலும் ஏற்றப்பட்டிருக்கின்றன. முதற்பக்கத்தில் நடுப் பெருங்கட்டத்தின் நான்கு வரிசைகளை எண்ணியபோது 212 அணுக்கள் கிடைத்தன. இரண்டாம் பக்கத்திலும் அதே நான்கு வரிசைகளை எண்ண, 186 கிடைத்தது. கூட்டுத்தொகை 398, வித்தியாசம் 26. கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தை 1.96-ஆல் பெருக்கினால் 39 வருகிறது. வித்தியாசம் அதற்கு உட்பட்டது, ஆகையால் இரண்டையும் ஏற்றுக்கொள்ளலாம். ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரு வரிசை 20 நானோலிட்டர். எட்டு வரிசை 160 நானோலிட்டர். 398-ஐ 160-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்க, மில்லிக்கு 49.75 மில்லியன். தற்செயல் பிழை நூற்றுக்கு 5 என்பதால் உண்மை 45-க்கும் 55-க்கும் இடையே எங்கோ இருக்கிறது. வித்தியாசம் 39-ஐத் தாண்டியிருந்தால் இரண்டில் எது பிடித்தமோ அதை வைத்துக்கொள்வதோ, மூன்றாவது ஒன்றை எண்ணி மூன்றுக்கும் சராசரி காண்பதோ கூடாது. இரண்டையும் தள்ளிவிட்டு, மாதிரியை மறுபடி கலக்கி, புதிய டைலூஷன்கள் இரண்டு செய்ய வேண்டும்.

இந்த உதாரணத்தில் ‘தனித்தனியாக’ என்ற சொல்லையே வாசகர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒரே டைலூஷனை இரு பக்கமும் ஏற்றி எண்ணுகிறவர்கள் பலர். அந்த இரண்டு எண்ணிக்கைகளும் அழகாக ஒத்துப்போகும். ஒத்துப்போவதைக் கண்டு மனமும் சமாதானம் அடைந்துவிடும். ஆனால் பிப்பெட்டில் நேர்ந்த குறைவு இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது. அந்த ஒற்றுமை அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. இரண்டு டைலூஷன்கள் செய்தால் எப்போதாவது நேரும் கைத்தவறு வெளிப்பட்டுவிடும். அப்போதும்கூட, பிப்பெட்டே எப்போதும் குறைவாக எடுக்குமானால், சேம்பரின் ஆழமே தவறானால், இரண்டும் சேர்ந்து ஒரே மாதிரியாகத் தவறும். அந்தப் பிழையை அந்த நிலையத்துக்குள்ளேயே இருந்துகொண்டு கண்டுபிடிப்பது அரிது. பிப்பெட்டில் எடுத்த விந்துவை நுட்பமான தராசில் நிறுத்துப் பார்த்தும், வேறு நிலையங்களோடு ஒரே மாதிரியைப் பகிர்ந்து எண்ணி ஒப்பிட்டும்தான் அதை அறிய முடியும்.

மனத்தின் சாய்வு என்று ஒன்றும் உண்டு. முதற்பக்கத்தில் 212 என்று எழுதிய கை, இரண்டாம் பக்கத்தில் 150-ஐ நெருங்கிக்கொண்டிருக்கும்போது, சந்தேகத்துக்கு இடமான அணுக்களையெல்லாம் தன்னை அறியாமலே சேர்த்துக்கொள்ளத் தொடங்கும். நேர்மைக் குறைவினால் அன்று, மனித சுபாவத்தினால். ஒருவர் எண்ணியதை மற்றவர் அறியாதபடி இருவர் எண்ணுவது இதற்கு நல்ல பரிகாரம். ஃபார்மலினில் நிலைப்படுத்திச் சேமித்து வைத்த பழைய மாதிரி ஒன்றை, புதிய நோயாளியின் மாதிரி போலவே நம்பரிட்டு வாரந்தோறும் இடையில் நுழைத்து, வந்த விடைகளை ஒரு வரைபடத்தில் குறித்துக்கொண்டு வருவது அதைவிட நல்லது. விடைகள் மெல்ல மெல்ல ஒரு பக்கமாகச் சரிவது அந்தப் படத்தில் தெரிந்துவிடும்.

வேறு சேம்பர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். 10 மைக்ரான் ஆழமுள்ள மாக்லர் சேம்பரில் டைலூஷன் வேண்டாம் என்பது கவர்ச்சியே. ஆனால் அதிலும் பத்துச் சிறு கட்டங்களின் தொகையே மில்லியன் கணக்காக வருவதால், முன்னே சொன்ன பதினைந்து அணுக்களின் சங்கடம் அப்படியே திரும்பி வருகிறது. விடையும் கூடுதலாக வரும் இயல்புடையது. ஒருமுறை உபயோகித்து எறியும் 20 மைக்ரான் சேம்பர்களில் திரவம் தானாக உறிஞ்சப்பட்டு ஓடும்போது, 1961-இல் ஸெக்ரே, ஸில்பர்பெர்க் என்ற இருவர் விவரித்த விளைவினால் அணுக்கள் ஓட்டத்தின் முன்முனையில் போய்ச் சேருகின்றன. நடுவில் எண்ணுகிறவருக்கு விடை குறைகிறது. கம்ப்யூட்டர் எண்ணும் கருவிகள் விந்தணுத் தலையையும் அதே பருமனுள்ள குப்பையையும் எப்போதும் பிரித்தறிவதில்லை. அணுக்கள் அரிதான மாதிரியில் இந்தத் தவறு பெரிதாகிறது. முறைக்கு முறை விடை இப்படி மாறுவது ஆராய்ச்சியையும் பாதித்திருக்கிறது. 1992-இல் கோபன்ஹேகன் ஆராய்ச்சியாளர்கள், 1938 முதல் 1991 வரையிலான பிரசுரங்களைத் திரட்டி, சராசரி எண்ணிக்கை மில்லிக்கு 113 மில்லியனிலிருந்து 66 மில்லியனாகக் குறைந்துவிட்டது என்று அறிவித்தபோது எழுந்த விவாதத்தில், எண்ணும் முறைகள் ஒன்றாக இருந்தனவா என்ற கேள்வியும் முக்கியமான ஒன்றாயிற்று. 2017-இல் லெவின் என்பவரும் அவருடைய சகாக்களும் அதே ஆராய்ச்சியை விரிவாகச் செய்தபோது ஹீமோசைட்டோமீட்டரால் எண்ணப்பட்டவற்றையே எடுத்துக்கொண்டார்கள்.

அணுக்கள் மிகக் குறைவாகவோ, கண்ணில் படாமலோ இருக்கும் மாதிரிகளில் தனிக் கவனம் வேண்டும். 1:2 டைலூஷன் செய்து, சேம்பரின் இரு பக்கத்திலும் ஒன்பது ஒன்பதாக உள்ள பெருங்கட்டங்களை முழுவதும் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். நாம் பார்த்த திரவம் 1.8 மைக்ரோலிட்டர், அதில் விந்து 0.9 மைக்ரோலிட்டர்தான். கணக்குப்படி, மில்லிக்கு மூவாயிரத்துக்கு மேற்பட்ட விந்தணுக்கள் இருந்தும் இப்படி ஒன்றும் தெரியாமல் போவது சாத்தியமே. ‘விந்தணுக்கள் இல்லை’ என்று எழுதிவிட்டால் மூன்று மில்லி மாதிரியில் இருக்கக்கூடிய பத்தாயிரம் அணுக்களை நாம் இல்லையென்று சொன்னவர்கள் ஆவோம். முட்டைக்குள் ஒற்றை விந்தணுவைச் செலுத்தும் இக்ஸி முறையால் கர்ப்பங்கள் உண்டானதாக 1992-இல் பிரஸ்ஸல்ஸிலிருந்து செய்தி வந்த பிறகு, அப்படிச் சொல்லுவதற்கு முன் மிகவும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆகையால் ஒரு மில்லியைத் தனியே எடுத்து, 3000 ஜி விசையில் 15 நிமிஷம் சென்ட்ரிஃபியூஜ் செய்து, அடியில் படிந்ததை முழுவதும் தேடி, அதிலும் இல்லையானால் ‘சென்ட்ரிஃபியூஜ் செய்து பார்த்த படிவில் விந்தணுக்கள் காணப்படவில்லை’ என்று, செய்ததையே எழுத வேண்டும். அந்த விசையிலும் எல்லா அணுக்களும் அடியில் வந்து படிந்துவிடுவதில்லை.

ரிப்போர்ட்டில் 49.75 என்று எழுதுவது இல்லாத நுட்பத்தை உண்டென்று சொல்வதாகும். 50 என்று எழுதினால் போதும். அதனோடு மொத்த எண்ணிக்கையையும் சேர்த்து எழுத வேண்டும்: மாதிரி 2.4 மில்லியானால் மொத்தம் 120 மில்லியன். இரண்டு பக்கமும் சேர்ந்து 400 அணுக்கள் கிடைக்காத மாதிரிகளில், எண்ணப்பட்ட தொகையையும், அதனால் வரும் பிழை நூற்றுக்கு எவ்வளவு என்பதையும் விடைக்குப் பக்கத்திலேயே குறித்துவிட வேண்டும். மாதிரி முழுமையாகச் சேகரிக்கப்படவில்லை என்று நோயாளி சொல்லியிருந்தால் அந்த வாக்கியம் தலைப்பிலேயே இருக்க வேண்டும், அடிக்குறிப்பில் அன்று.